ஓடு

போர்ட் ஏஞ்சலஸ். டிசம்பர். நாலு மணிக்கே விளக்கு.
மீன் பதப்படுத்தும் கூடத்தின் பின்னறை எங்களுக்கு வாடகைக்கு.
உறைபெட்டிகள் உறுமும்போது மேசை அதிரும்;
அவை மூச்சு வாங்கும் இடைவெளிகளில்தான்
நுண்ணோக்கியில் அளவெடுக்கலாம்.

கல்லைக் கொண்டுவந்தவள் ரோஸ்லின் டக்கர்.
மரலாரி ஓட்டுகிறவள்.
கோடையில், வடிந்த கடலோரம்,
அவள் நாய் முகர்ந்துவிட்டு வேண்டாமென்று நகர்ந்த உருண்டை.
காற்றுளியால் ஒன்பது நாள் கொத்தினேன்.
பத்தாம் நாள், கட்டைவிரல் நகமளவு
ஒரு முதுகு.

நண்டு அல்ல. சிங்கி இறாலும் அல்ல.
வாலை வயிற்றடியில் மடித்துக் குந்துகிற வம்சம்.
குந்துசிங்கி என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.
கட்டுரைக்கு லத்தீனில் ஒரு பேர் வேண்டும், அது பிறகு.

நவச்சாரத்தைச் சூடாக்கிப் புகையை ஊதினால்
கறுத்த முதுகில் வெண்மை படியும்,
குறுக்கு மேடுகள் பட்டை பட்டையாய் எழும்பும்.
எண்ணினேன். பதின்மூன்று.
எந்த நெற்றியும் இத்தனை பட்டை தாங்காது.

எழுதத் தொடங்கினேன்:

முதுகோடு, அகலத்தைவிட நீளம் கூடியது.
நெற்றிக்கொம்பு முக்கோணம், பக்கத்துக்கு நாலு பல், நுனி முறிந்தது.
கண்குழி ஆழமற்றது.
இரைப்பை மேட்டின் முன்விளிம்பில் இரண்டு முள்;
வலது முள்ளின் இடத்தில் வடு மட்டும்.
கழுத்துப்பள்ளம் தெளிவானது, பிறை வளைவு.
இதய மேடு சிறியது.
குறுக்கு மேடுகளின் முன்சரிவு செங்குத்து,
அடிவாரத்தில் வரிசையாய் மயிர்க்குழிகள். மயிர் இல்லை.

இந்த நடையில் வினைச்சொல் கூடாது.
ஆங்கிலத்தில் எழுதும்போது
இருக்கிறது, இருக்கிறது என்பதையெல்லாம் வெட்டி வெட்டிக்
குப்பைக்கூடை நிறையும்.
தமிழில் வெட்ட ஒன்றுமில்லை.
கொம்பு முக்கோணம். அவ்வளவுதான்.

வலது செவுள் மேடு தாழ்வானது.
இடது செவுள் மேடு

இங்கே பேனா நின்றது.
கொட்டைப்பாக்கை ஒரு கன்னத்தில் அதக்கியவர் போல
இடப்பக்கம் புடைத்திருந்தது.
பட்டைகள் அதன்மேல் ஏறி, ஒன்றைவிட்டொன்று விலகி,
அந்தப் பக்கம் இறங்கிச் சேர்ந்தன.
செவுளறைக்குள் ஒட்டுண்ணி ஒன்று
ரத்தம் குடித்துக் குடியிருந்திருக்கிறது.
ஒவ்வொரு முறை சட்டை உரியும்போதும்
புதுச் சட்டையை அதன் அளவுக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறது
இந்த உடம்பு.

ஒட்டாவாவிலிருந்து மார்கிட் எழுதினாள்:
"வீக்கம் நோய். இனத்தின் இலக்கணம் அல்ல.
வலதைப் பார்த்து இடதை வரைந்துவிடு."
சரியான பேச்சுதான்.
மைப்பேனாவை எடுத்து, இடது பக்கம்
நானூறு புள்ளி கூடுதலாக வைத்தேன்.

சனிக்கிழமை ரோஸ்லின் வந்தாள், ஈரக் காலணியோடு.
குனிந்து பார்த்தாள்.
"பாவம், எப்படிச் செத்தது?"
வால் இல்லை, கால் இல்லை, பாருங்கள்.
பக்கத் தையல் இரண்டும் சுத்தமாய்ப் பிரிந்திருக்கின்றன.
இது சாகவில்லை, உரித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
"கழற்றி எறிந்த மழைக்கோட்டா!" சிரித்தாள்.
"சரி, உள்ளே இருந்த அந்தக் களவாணி?"
அதோடு போயிருக்கும்.

அதோடு.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.
ஓடு, இந்த நகமளவுக் கூரை.
ஓடு, காலுள்ளதற்கெல்லாம் ஒரு கட்டளை.
அப்புறம் அந்த மூன்றாவது,
தனியே நிற்கத் தெரியாமல்
இன்னொரு சொல்லின் வாலில் தொற்றிக்கொண்டே பிழைப்பது.
ஒரு வினைச்சொல்கூட வராமல் பக்கம் முழுக்கக் காவல் காத்தேன்;
முதல் சொல்லுக்குள்ளேயே ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது.

ரோஸ்லினுக்கு இதை விளக்க முயன்று பாதியில் விட்டேன்.
இனத்துக்கு உங்கள் பேர் வைக்கட்டுமா என்றேன்.
"நாயின் பேரை வை, கண்டுபிடித்தது அதுதான்."
நாயின் பேர் பிஸ்கட்.

நவச்சாரத்தை விட்டுவைத்தால் கல்லை அரிக்கும்.
குழாயடியில் பிடித்தேன்; பதின்மூன்று பட்டையும் கரைந்தோடின.
உறைபெட்டிகள் அப்போது மூச்சு வாங்கின.
சட்டென்று துடைத்து, அடியில் வைத்து, அளந்தேன்.

இடது செவுள் மேடு: உயரம் மூன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர்,
குடியிருந்தவரையும் சேர்த்து.